கழுவினால் சுருள் திரும்பும் என்று சொல்லி 165 பவுண்ஸ் வாங்கினார்கள், சுருள் திரும்பவில்லை

ஆப்ரோ சுருள்முடி உள்ள பிள்ளைகளை லண்டனில் சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கோ. கோபம் ஆறுமுன்னமே எழுதுகிறேன். இதே வேலையை இந்தக் கிழமையும் இன்னொரு பிள்ளையின் தலையில் செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

மகளுக்குத் தகப்பன் வழியில் வந்த கானா முடி. 4சி என்கிற வகை, பேனைக்குள் இருக்கிற ஸ்பிரிங் மாதிரி நெருக்கமான சுருள். இழுத்துப் பிடித்தால் 30 சென்டிமீட்டர், நனைந்தால் 10க்குச் சுருங்கிவிடும். பள்ளிக்கூடக் கடைசி விருந்துக்கு ஒரு இரவு மட்டும் நேராக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்காகப் பதிவு செய்தது சில்க் பிரெஸ். நல்லாய்க் கவனியுங்கோ, சில்க் பிரெஸ். அதில் முடியை நேராக்குகிற இரசாயனம் எதுவும் கிடையாது. ஆழமாகக் கழுவி, கண்டிஷனர் போட்டு 20, 30 நிமிடம் ஆவியில் வைத்து, சிக்கெடுத்து, சூட்டுக்காப்பு பூசி, சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்தி, ஒரு விரல் அகலத்தைவிட மெல்லிய பாத்தியாகப் பிரித்து, 180 முதல் 200 டிகிரிக்குள் அயர்னை ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம் இழுப்பார்கள். அடுத்த முழுக்கில் சுருள் பழையபடி வந்துவிடும். விலைப்பட்டியலில் 75 பவுண்ஸ்.

தென் லண்டனில் கடைத்தெருவோடு இருக்கிற, எல்லா வகை முடியும் செய்வோம் என்று கண்ணாடியில் எழுதி வைத்திருக்கிற சலூன். பதிவும் காசும் ஒரு புக்கிங் ஆப் வழியாக. முறைப்பாடு போய்க்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

கதிரையில் இருத்தி ஒரு கொத்தைப் பிரித்து, நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு, வறண்டிருக்கிறது, இப்படியே அயர்ன் பிடித்தால் கருகிவிடும் என்றார் முடி செய்ய வந்த பெண். சொன்னது சரிதான். சுருண்ட மயிரில் தலையின் எண்ணெய் நுனி வரை இறங்காது, ஒவ்வொரு வளைவிலும் மேல்செதில் தூக்கி நிற்கும், முறிவதும் அந்த வளைவில்தான். முடியைத் தெரிந்தவர் கதைக்கிற மாதிரித்தான் கதைத்தார், அங்கேதான் நம்பிக்கை வந்தது. பிறகு ஒரு போத்தலைத் தூக்கி முன்பக்கத்தைக் காட்டினார். ஃபார்மால்டிஹைட் இல்லை என்று பெரிய எழுத்து, அது கண்ணையும் மூச்சையும் எரிக்கிற நச்சு வாயு. பின்பக்கம் உள்ளங்கைக்குள் மூடியிருந்தது. "இது அமினோ அமிலம்தான் டார்லிங், சுருளைத் தொடாது, முடிக்குப் பலம் கொடுக்கும், முதல் முழுக்கிலேயே திரும்பி வந்துவிடும்." பாக்கேஜாக 165 பவுண்ஸ்.

பூசி முக்கால் மணித்தியாலம் வைத்தார். பாதிதான் அலசி உலர்த்தினார். அயர்னின் திரையில் 230. ஒரு பாத்திக்கு ஏழெட்டுத் தரம் இழுத்தார். புகை எழும்பியது, பிள்ளையின் கண் எரிந்தது, கதவைத் திறந்துவிட்டு, இது வெறும் நீராவி என்றார்கள். உலர்ந்த முடியில் எங்கே இருக்கிறது நீராவி?

தட்டில் வைத்த போத்தலின் பின்பக்கத்தை மகள் படம் எடுத்து வைத்திருந்தாள். பட்டியலில் மேலேயே கிளையாக்சிலிக் அமிலம், முடியை நேராக்கப் போடுகிற சாமான். விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. அது ஃபார்மால்டிஹைட் அல்ல, அதனால் முன்பக்கத்தில் இல்லை என்று தாராளமாக அச்சடிக்கலாம். ஆனால் அயர்னின் கடும் சூடு பட்டால் அதிலிருந்தே ஃபார்மால்டிஹைட் கிளம்பக்கூடும். அதற்கு மேலே அமிலம் வேறு. அமிலத்தன்மையை அளக்கிற பி.எச். எண் குறையக் குறைய அமிலம் கூடும்; முடிக்கு உகந்தது 4.5 முதல் 5.5 வரை, இந்தக் கலவைகள் அதைவிட மிகவும் கீழே. அமிலமும் 230 டிகிரியும் சேர்ந்து முடியின் புரதமான கெரட்டினின் அமைப்பையே மாற்றிவிடும். மெல்லிய 4சி முடியில் அது திரும்புகிற மாற்றம் அல்ல. பிரான்ஸிலும் இஸ்ரேலிலும் இந்த அமிலம் உள்ள நேராக்கிகளுக்குப் பிறகு சிறுநீரகம் பாதித்த நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பதின்ம வயசுப் பிள்ளையின் தலையில் கேளாமல் சொல்லாமல் பூசுகிற சாமானா இது?

முழுகினோம். மேலே வேரோடு ஒட்டின துண்டு மட்டும் லேசாக நெளிந்தது. காதுக்குக் கீழே எல்லாம் தும்புக்கட்டு மாதிரி நேராகத் தொங்கியது. ஒரு நனைந்த இழையை இழுத்தால் பசை போல நீண்டுகொண்டே போய், திரும்பிச் சுருங்காமல், அறுந்தது. நல்ல முடி இழுத்தால் நீளும், விட்டால் துள்ளித் திரும்பும். நீண்டு நின்றுவிட்டால் உள்ளே புரதத்தின் கட்டமைப்பு குலைந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில், இன்னும் இரண்டு மூன்று தரம் முழுகட்டும் என்றார்கள். பிறகு லண்டன் தண்ணீர் கடினம், அதுதான் காரணம் என்றார்கள். கடின நீர் முடியில் கல்சியம் படிய விடும், சொரசொரப்பாக்கும். சுருளை நேராக்காது! பிறகு, எங்களிடமே புரோட்டீன் மாஸ்க் இருக்கிறது, 28 பவுண்ஸ், வாங்குங்கோ என்றார்கள். வெந்துபோன முடியில் எந்த மாஸ்க் போட்டாலும் போன சுருள் திரும்பாது. கடைசியில் மனேஜர் விடுமுறை. ஆப்பில் கேட்டால் சலூனைக் கேளுங்கோ, சலூனில் கேட்டால் காசு எடுத்தது ஆப் தானே. 165 பவுண்ஸ் இரண்டு பேருக்கும் நடுவில் காணாமல் போய்விட்டது. பெரிய மனசு பண்ணி 20 பவுண்ஸ் வவுச்சர் தந்தார்கள், அதே கதிரையில் மறுபடியும் போய் இருக்கவாம்!

பிரித்தானியாவில் சிகையலங்காரத் தொழில் தரத்தில் ஆப்ரோ முடி எல்லாருக்குமான பாடமாகச் சேர்ந்ததே 2021இல்தான். அதற்கு முன் பயின்ற எத்தனையோ பேருக்கு இந்த முடி தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் நாங்கள் பாட்டுக்கு எழும்பி வந்திருப்போம். எனக்கு ஆத்திரம், தெரிந்த மாதிரி நடித்ததில்தான்.

போன சுருளைத் திருப்பித் தருகிற மருந்து கிடையாது, யார் என்ன போத்தல் விற்றாலும். வெட்டலாம், அல்லது வளரவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஆப்ரோ முடி மாதம் 1 சென்டிமீட்டர்கூட வளராது, 25 சென்டிமீட்டருக்கு இரண்டரை வருசம் போகும். அதுவரை புதுச் சுருளும் பழைய நேர்முடியும் சந்திக்கிற கோட்டில்தான் முறியும். சீப்பு அங்கே பலமாகப் படக்கூடாது. கண்டிஷனர் வழிய வழிய, நுனியில் தொடங்கி மேலே போய்ச் சிக்கெடுங்கோ. இரண்டு பிரியாக முறுக்கி விடுங்கோ, இரவில் சாட்டின் தொப்பி. அயர்ன் வேண்டவே வேண்டாம்.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை பதறுகிறது, அவசரமாகச் சிலது. போத்தலின் பின்பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படம் எடுங்கோ. கிளையாக்சிலிக் அமிலம், கிளையாக்சிலோயில் கார்போசிஸ்டீன், மெதிலீன் கிளைக்கோல், ஃபார்மலின், இவற்றில் எது இருந்தாலும் எழும்பி வந்துவிடுங்கோ. சில்க் பிரெஸ்ஸுக்கு எந்த ட்ரீட்மென்டும் கட்டாயம் இல்லை. அயர்ன் 200க்கு மேலே போனால் நிறுத்தச் சொல்லுங்கோ. முதலில் பிடரிப் பக்கம் ஒரு கொத்தில் செய்து, கழுவிக் காட்டச் சொல்லுங்கோ, மறுத்தால் அதுவே பதில். 100 பவுண்ஸுக்கு மேலே என்றால் ஆப்பில் கட்டாமல் நேரே சலூனில் கிரெடிட் கார்டில் கட்டுங்கோ, 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் வங்கியும் பொறுப்பு. இடையில் ஆப் வந்தால் அந்தப் பிடி நழுவக்கூடும். டெபிட் கார்டில் கட்டியவர்கள் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய காசை வங்கி வழியாகத் திருப்பி எடுக்கிற முறை, கேளுங்கோ, அதற்குக் காலக்கெடு உண்டு, சலூன் பதில் போடும் வரை காத்திருக்காதேயுங்கோ. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி தகுந்த திறமையோடும் கவனத்தோடும் செய்யாத சேவைக்கு விலைக்குறைப்புக் கேட்கலாம். வவுச்சரை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிடாதேயுங்கோ.