பழைய ட்ரக்டர் ஏசிக்கு 134ஏ காஸ்: பல போகம் ஓட்டிய பிறகு

தம்பலகாமத்தில் சிறுபோகம் செய்கிறவர்களுக்குக் கச்சான் காற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அந்தச் சூட்டிலும் புழுதியிலும் கேபின் கண்ணாடியைத் திறந்து வைத்து உழ முடியாது. எங்கள் ட்ரக்டர், ஏசிக்கு ஆர்-12 என்ற பழைய குளிர்காஸ் அடித்த காலத்தது. 1987 மொன்றியல் உடன்பாட்டுக்குப் பிறகு, ஓசோனைக் கெடுக்கும் அந்தக் காஸ் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதனால் அதற்குப் பதிலாக வந்த 134ஏ காஸுக்கு மாற்றினோம். மாற்றலாமா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: தாராளமாக மாற்றுங்கள், ஆனால் காஸை மட்டும் மாற்றிவிட்டு வராதீர்கள்.

முதலில் ஒயில். பழைய மினரல் ஒயில் 134ஏயோடு கலக்காது. கலக்காத ஒயில், காஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசருக்குச் சரியாகத் திரும்பாது, கம்ப்ரசர் காய்ந்து இறுகிவிடும். எங்கள் ஏசி பாஸ் (மெக்கானிக்) கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்து, கையால் சுற்றிச் சுற்றி வடியவிட்டார். கறுத்த ஒயில் நின்ற பிறகுதான் 134ஏயோடு கலக்கும் எஸ்டர் ஒயில் விட்டார். ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரும், இணைப்புகளில் வரும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளும் புதிதாகப் போட்டார். 134ஏயின் மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் ஹோஸுக்குள்ளால் மெல்லக் கசியும். ஆகவே உள்ளே நைலோன் படை உள்ள ஹோஸ் போட்டோம். செலவில் பெரும் பங்கு இதற்குத்தான் போனது, ஆனால் வீணில்லை.

காஸ் அளவில் கவனம் வேண்டும். ஆர்-12 அளவில் 80 முதல் 90 வீதம் போதும். காஸ் ஓடுவதைப் பார்க்கிற சின்னக் கண்ணாடியான சைட் கிளாஸில் குமிழ் மறையும்வரை அடிப்பது பழைய பழக்கம். 134ஏயில் கண்ணாடி பால்போல் மங்கித் தெரியலாம், அதை நம்பி அடித்தால் காஸ் கூடிவிடும். உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் வக்யூம் பம்பால் நன்றாக இழுத்து, காஸைத் தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள்.

காலையில் குளிருக்குக் குறையே இல்லை. மத்தியானம் ட்ரக்டரை நிறுத்தி எஞ்சினை ஸ்லோவில் விட்டால்தான் குளிர் குறைந்தது. சூடு ஏறும்போது 134ஏயில் அழுத்தம் ஆர்-12ஐவிடக் கூடும், காஸின் சூட்டை வெளியே விடுகிற பழைய கண்டென்சர் அதைத் தாங்கவில்லை. அடுத்த போகத்தில் பல சிறு குழாய்களில் காஸ் ஒரே நேரத்தில் ஓடுகிற பரலல் ஃப்ளோ கண்டென்சர் போட்டோம், அப்புறம்தான் மத்தியானமும் நிம்மதியானது. இப்போதும் வேலை முடிந்ததும் கண்டென்சர் தூசியைக் காற்றடித்து எடுத்துவிடுவோம். அதைத் தவறவிட்டால் மறுநாளே குளிர் குறைவது தெரியும்.

செலவைக் குறைக்கச் சமையல் காஸ் அடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மூடிய கேபினுக்குள் அது கசிந்தால் ஒரு தீப்பொறி போதும். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். மிஞ்சியிருக்கும் ஆர்-12ஐயும் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடித்து எடுக்கிற இடத்திலேயே வேலையைக் கொடுங்கள்.