பாயில் உட்கார்ந்து பயன்படுத்த வேண்டிய கையேடு

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் ஆசிரியர் கையேட்டையும் பிள்ளைகளின் பயிற்சி நூலையும் மூன்று ஆண்டுகள் கையாண்ட பிறகு இதை எழுதுகிறேன். தூத்துக்குடி மாவட்டக் கரிசல் பகுதியில் ஓர் ஈராசிரியர் பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 26 பிள்ளைகள்.

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் அடைத்த தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்குள் வகுப்பு ஏறிவிட்ட பிள்ளைகளில் பலருக்கு எழுத்து கூட்டவே வரவில்லை. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் 1 முதல் 3 வரை, மறு ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது, பிள்ளையை வகுப்பை வைத்து அல்லாமல் கற்ற நிலையை வைத்துப் பார்ப்பது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. ஆனால் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அரும்பில் வந்தபோது, "தங்கச்சி கூட உட்கார மாட்டேன் டீச்சர்" என்று சுவரோரம் நின்றுவிட்டான். அவள் ஒன்றாம் வகுப்பு. அந்தக் கூச்சத்துக்குக் கையேட்டில் மருந்து இல்லை. நாற்காலியை விட்டு இறங்கி அரும்புப் பாயில் நானே உட்கார்ந்தேன். ஈர்க்குக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டித் தரும் வேலையை அவனிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஒரு நாள் 42இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். நான்கு கட்டும் இரண்டு உதிரியும் முன்னால் கிடந்தன. உதிரியில் ஏழு இல்லையே என்று சற்று நேரம் பார்த்தான். பிறகு ஒரு கட்டின் ரப்பர் பட்டையை உருவி, பன்னிரண்டையும் பரப்பி ஏழை எடுத்தான். "கடன் வாங்கிக் கழித்தல்" என்று நான் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அவன் கை செய்துவிட்டது. அந்த ஜனவரியில் மொட்டுக்குப் போனான்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலையும் நடத்தியிருக்கிறேன். அதில் பிள்ளை அட்டை அட்டையாகச் செய்து, ஏணிப்படி என்ற வரிசையில் தானே ஏறிப் போகும். நல்ல முறைதான். ஆனால் ஏணிப்படியில் ஓர் அட்டை தொலைந்தால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். அட்டைகளை எடுத்து அடுக்குவதிலேயே பாதி நேரம் போய்விடும். பயிற்சி நூலில் அந்தத் தொல்லை இல்லை. அன்று வந்த, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் உள்ள கீழ்மட்டக் கரும்பலகையை மட்டும் நான் விடவில்லை. தன் பெயர் எழுதிய கட்டத்தில் எழுதிப் பார்க்கும்போது பிள்ளைக்குப் பிழையைப் பற்றிய பயம் போய்விடுகிறது.

குறையும் சொல்ல வேண்டும். சக ஆசிரியை விடுப்பில் இருக்கும் நாளில், ஐந்து வகுப்பையும் ஒருத்தியே வைத்துக்கொண்டு கையேட்டின் வரிசைப்படி நடத்த முடிவதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்புக்குக் கதை வாசிக்கச் சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்க்கிறேன். மதிப்பீட்டைக் கைப்பேசியில் பதிவு செய்ய, எங்கள் ஊரில் வேப்பமரத்தடிக்குப் போனால்தான் சிக்னல்.

கையேட்டின் பயன் தலைமையாசிரியர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பதிவேடு, சத்துணவு, பள்ளி மேலாண்மைக் குழு என்று நாள் முழுவதும் ஓடிவிடும். வகுப்புதான் கடைசியில் நிற்கும். நான் 11 மணி வரை பதிவேட்டைத் திறப்பதில்லை. வெள்ளி மாலை அரை மணி நேரம் நானும் சக ஆசிரியையும் அடுத்த வாரப் பக்கங்களைச் சேர்ந்து படிக்கிறோம். அவர் வகுப்பை நான் பார்ப்பதற்கு முன்னால், என் வகுப்பை வந்து பார்க்கச் சொன்னேன். "அக்கா, கேள்வி கேட்டதும் பதிலையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள்" என்றார். அன்றிலிருந்து கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் ஐந்து எண்ணுகிறேன். கடைசி வரிசையிலிருந்து கை உயர்வது பெரும்பாலும் நான்கில்.

புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர்களுக்கு: கையேட்டின் கணக்குப் பகுதியைத் தொடங்குமுன் ஈர்க்குக்குச்சியும் ரப்பர் பட்டையும் போதுமான அளவு சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கட்டாவது வேண்டும். பட்டைகள் வெயிலில் சீக்கிரம் இற்றுவிடும், கூடுதலாகவே வாங்குங்கள்.