மார்கழியில் எரியும் முகத்துக்கு எது ஒத்துவரும்?

மார்கழி பிறந்து நாலைந்து நாளில் எங்கள் அம்பாசமுத்திரம் வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது கட்டிதான். ஆச்சி பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு அடுப்புத் திண்டில் கொண்டுபோய் வைப்பாள். அதே வாரத்தில்தான் மைனிக்கும் (அண்ணன் மனைவி) முகம் எரிய ஆரம்பிக்கும். மாநிறம் என்பதால் சிவப்பு பளிச்சென்று தெரியாது. கன்னமும் மூக்கும் கன்றிப்போனாற்போல் இருக்கும், தொட்டால் சுடும். பல வருஷம் அதைப் பரு என்றே நினைத்திருந்தோம். பருவுக்கு வரும் கரும்புள்ளி ஒன்றுகூட இல்லையே என்று பாளையங்கோட்டையில் ஒரு தோல் மருத்துவர் கவனித்துச் சொன்ன பிறகுதான் முகத்தில் நாள்பட்ட சிவப்பும் எரிச்சலும் தரும் இந்தத் தோல் நோய்க்கு ரோசேசியா என்ற பெயரே எங்களுக்குத் தெரிந்தது.

அன்று முதல் வீட்டில் இருந்ததையும் கடையில் வாங்கியதையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறோம். இந்தத் தோலுக்கு எது அழகு தரும் என்று கேட்கவே கூடாது. எது குறைவாகச் சீண்டும் என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. குளிர்காலக் குறிப்புகள் பெரும்பாலும் பனிக்கட்டி கொட்டும் நாடுகளுக்கு எழுதியவை. நமக்கு விடியலில்தான் பனி. பதினொரு மணிக்கு வெயில் உச்சியைச் சுடும். திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து 9 டிகிரிகூட வடக்கே இல்லை. மார்கழி நடுப்பகலிலும் சூரியன் ஏறக்குறைய 58 டிகிரி உயரத்தில் நிற்கும்; அதே நாளில் லண்டனில் 15 டிகிரிதான். அதனால் குளிருக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று ஒரே நாளில் இரண்டையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் தண்ணீர். கொதிக்கக் கொதிக்க வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? வெந்நீர் இரண்டு விதத்தில் கெடுதல். முகத்து நுண்ணிய ரத்தக் குழாய்களை விரியவைக்கும், தோலின் மேலிருக்கும் கொழுப்புப் பூச்சையும் கரைத்துக்கொண்டு போகும். சரி, அண்ணன் மாலை போட்ட வருஷம் மைனியும் கூடவே விடியலில் பச்சைத் தண்ணீரில் குளித்துப் பார்த்தார். வெந்நீர் அளவுக்கு எரியவில்லை. ஆனால் திடீர்க் குளிரும் அவருக்கு ஒத்துவரவில்லை. இப்போது விளாவிய தண்ணீர்தான். மணிக்கட்டில் ஊற்றினால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. தலைக்கு ஊற்றும்போது சூடான தண்ணீர் முகத்தில் வழியாமல் தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்வார். சின்ன விஷயம்தான், ஆனால் வித்தியாசம் தெரிந்தது.

அடுத்து, முகம் கழுவ எது? ஆச்சியின் கட்சி பயத்தம் பருப்பு மாவும் கஸ்தூரி மஞ்சளும். ஆச்சியின் கன்னம் எண்பது வயதிலும் வழுவழு என்றுதான் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது திடமான தோல். மைனியின் தோலில் அதே மாவைத் தேய்த்தபோது, எவ்வளவு நைசாகச் சலித்திருந்தாலும், குறுணை உரசுவது அவருக்குத் தெரிந்தது. மஞ்சள் சிலருக்கு எரிச்சலும் தரும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பது இன்னும் மோசம். சோப்புக் கட்டியோ காரத்தன்மை மிகுந்தது. அமிலமா காரமா என்று காட்டும் pH அளவில் தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டிய அமிலத்தன்மையில் இருக்கும். சாதாரண சோப்பு 9, 10 என்று போகும். இந்த மூன்றில் வாசனை இல்லாத, நுரை குறைந்த, சோப்பில்லாத லோஷன்தான் முன்னே நிற்கிறது. விலை கூடுதல் என்பது உண்மை. அதனால் இரவில் மட்டும் அதைப் போட்டு, காலையில் வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டால் பாட்டில் நாள்பட வரும், தோலுக்கும் அதுதான் நல்லது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

வீட்டில் பெரிய சண்டையே ஈரப்பதத்துக்கு எதைப் பூசுவது என்பதில்தான். தேங்காய் எண்ணெயா, வேசலினா, கிரீமா? எண்ணெய் மேல் எனக்கும் பிரியம் உண்டு. குழந்தைகளின் எக்ஸிமாவில் அது பலன் தந்ததாக ஆய்வும் இருக்கிறது. ஆனால் அது வேறு நோய். முகத்தில் மைனிக்கு அது பிசுக்காகவே நின்றது. மேலே தூசியும் அடுப்புச் சூடும் சேர்ந்தபோது கன்னம் புகைந்தது. கை, கால், வெடித்த குதிகால் என்றால் தேங்காய் எண்ணெயை விட்டுக்கொடுக்க மாட்டேன். வேசலின் தண்ணீர் ஆவியாகிப் போவதை நிறுத்துவதில் எல்லாவற்றுக்கும் மேல். வாசனை கிடையாது, ஒவ்வாமையும் மிக அரிது. ஆனால் பகலில் முகம் முழுக்கப் பூசிக்கொண்டு அடுப்படியில் நின்றால் புழுங்கும். அது இரவுக்கு, மூக்கோரத்துக்கும் உதட்டோரத்துக்கும் போதும். பகலுக்குக் கிளிசரினும் செராமைடும் உள்ள மணமில்லாத கிரீம். செராமைடு நம் தோலிலேயே இருக்கும் கொழுப்புதான். செங்கலுக்கு நடுவே சாந்து போல. முகம் கழுவி ஈரம் முழுக்கக் காய்வதற்குள் பூசிவிட வேண்டும். வீட்டில் கலக்கும் கிளிசரின், பன்னீர் கலவை வேண்டாம் என்பேன். பன்னீரின் வாசனையே இந்தத் தோலுக்குப் பகை. கற்றாழையை முற்றத்திலிருந்து ஒடித்து அப்படியே தேய்ப்பதும் வேண்டாம். மடலை ஒட்டி வடியும் மஞ்சள் பால் அரிக்கும்.

வெயிலுக்கு வந்தால், ரசாயன சன்ஸ்கிரீன் முகத்தோடு கலந்துவிடும், வெள்ளை தெரியாது. ஆனால் சிலவகை மைனிக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்கு எரிந்தது. துத்தநாக ஆக்சைடு போட்டது எரியவில்லை, முகம் மட்டும் திருநீறு பூசினாற்போல் வெளுத்தது. இரும்பு ஆக்சைடு கலந்து நிறமேற்றியது கிடைத்த பிறகு அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது. அப்புறம் குடை. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு நடப்பதற்குள் முகம் சிவந்துவிடுகிற ஒருவருக்குக் குடை மாதிரி மலிவான மருந்து வேறில்லை.

சாப்பாட்டில் பெரிய பட்டியல் தேவையில்லை. மிளகாயின் காப்சைசின், சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் தட்டுகிறது. அதனால் காரச் சால்னாவைவிடச் சொதி மைனிக்கு ஒத்துவருகிறது. காபியைப் பாவம், பழி சொல்ல வேண்டாம். 2018-ல் வெளிவந்த, 82,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களைத் தொடர்ந்த ஆய்வில் காபி அதிகம் குடித்தவர்களுக்கு ரோசேசியா குறைவாகவே வந்திருந்தது. கொதிக்கக் கொதிக்கக் குடிக்காமல் ஆற்றிக் குடித்தால் சரி.

இனிச் சொல்லப்போவது எனக்கு ஆத்திரம் வரும் இடம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வெள்ளையாக்கும் களிம்பா, மருத்துவர் எழுதித் தரும் மருந்தா? பெயர் தெரிவதற்கு முன், ஒரு கடையில் சீட்டு இல்லாமலே மைனிக்கு ஒரு குழாய் கொடுத்தார்கள். மூன்றே நாளில் சிவப்பு அடங்கியது. தெருவே கேட்டது, என்ன போட்டீங்க என்று. இரண்டு மாதம் கழித்து நிறுத்தியபோது முன்பைவிட இருமடங்கு எரிந்து, சீழ் வைத்த சிறு கொப்புளங்களும் வந்தன. உள்ளே இருந்தது வீரியமான ஸ்டீராய்டு. அது ரத்தக் குழாயைத் தற்காலிகமாகச் சுருக்கும், தோலை மெலியவைக்கும், ரோசேசியாவைத் தானே உண்டாக்கவும் செய்யும். இத்தகைய பல களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கிவிட்டது. விற்பனை மட்டும் நின்றபாடில்லை. தயவுசெய்து முகத்தில் போடாதீர்கள். ஏற்கனவே நாள்பட போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள்.

இதற்கென்று உள்ள மருந்துகள் மெதுவானவை. மெட்ரோனிடசோல் களிம்பு சாது. அசலாயிக் அமிலம் முதல் இரண்டு வாரம் சுருக்கென்று குத்தும், ஆனால் கொப்புளத்தோடு கருமையையும் குறைப்பதால் நம் நிறத்துக்குப் பொருத்தம். ஐவர்மெக்டின் களிம்பு, மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணிகளைக் குறைக்கிறது. எதுவானாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். எது யாருக்கு என்பதைத் தோல் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். செலவுக்கு அஞ்சுகிறவர்களுக்கு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை இருக்கிறது.

கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தினாலோ, இமை ஓரம் சிவந்தாலோ அது தனி. ரோசேசியா கண்ணையும் பிடிக்கும். போன தை மாதம் மைனி அதைப் பனிக்காற்று என்று சொல்லி மூன்று வாரம் தள்ளிப்போட்டார். கடைசியில் கண் மருத்துவர் கொடுத்தது சொட்டு மருந்தும், வெதுவெதுப்பான துணியால் இமையை ஒற்றி எடுக்கும் பழக்கமும். வெதுவெதுப்பு என்றால் மணிக்கட்டில் வைத்தால் இதமான சூடு தெரிய வேண்டும், சுடக்கூடாது.