நிமான்ஸ் போதை மருத்துவப் பிரிவு, பெங்களூரு: என் தம்பிக்காகப் போய்வந்த அனுபவம்

வலி மாத்திரைக்கு அடிமையாகிவிட்ட தம்பியை முதலில் சேர்த்தது ஊருக்கு வெளியே ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில். பெயர் வேண்டாம். ஒரே மாதத்தில் சரியாக்கிவிடுகிறோம் என்று முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அந்த மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தி, உடம்பு உதறிக்கொண்டிருந்த பையனைத் தியானத்தில் உட்காரவைத்தார்கள். வீட்டுக்கு வந்தவன் மாத்திரை வாங்கிய மெடிக்கல் ஷாப் இருக்கிற தெருவில் கால் வைத்ததும் மறுபடி ஆரம்பித்தான்.

அப்புறம்தான் ஓசூர் ரோட்டில் இருக்கும் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிமான்ஸ். டாக்டர் அந்த உதறலை அடக்க, நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்பின் என்ற மருந்தை எழுதிக்கொடுத்தார், உடம்பு அடங்கியது. ஆனால் நான் இதை எழுதுவதே அங்கே தமிழில் பேசிய கவுன்சிலருக்காக. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு நரம்பு செல்களை வரைந்து, அவை சேரும் இடத்தை, அதாவது சினாப்ஸை, பேனாவால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கிக் காட்டினார். எதையும் கற்றுக்கொள்ளும்போது இந்த இணைப்புதான் வலுப்படுகிறது, போதையும் அதே வழியில்தான் உள்ளே நுழைகிறது என்றார். கேட்டபிறகு நானே தேடிப் படித்தேன். 2001இல் வந்த ஆய்வில், சுண்டெலிக்கு ஒரே ஒரு முறை கொக்கெய்ன் கொடுத்ததிலேயே மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புடைய வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களில் அந்த இணைப்புகள் வலுத்திருந்தன. 5ஆம் நாளும் அப்படியே, 10ஆம் நாள் இல்லை. ஆனால் 2008இல் வந்த ஆய்வில், எலிகள் தாமாகவே கொக்கெய்ன் எடுத்துப் பழகியபோது, நிறுத்தி 3 மாதம் ஆகியும் அது மாறவில்லை. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாதுதான், ஆனாலும் ஒரு மாதத்தில் சரியாக்குகிறேன் என்பவரை நான் இனி நம்பமாட்டேன்.

இன்னொன்று, அம்மாவை அது அப்படியே மாற்றியது. 2003இல் வந்த சுண்டெலி ஆய்வில் மார்ஃபின், நிகோட்டின், மது எல்லாவற்றுக்கும் மூளையில் அதே மாற்றம் தெரிந்தது, கடும் மன அழுத்தத்துக்கும்தான். "வீட்ல கத்தாதீங்கம்மா, அது அவனுக்கு மன அழுத்தம்தான், குணப்படுத்தாது" என்றார் அந்தக் கவுன்சிலர். அம்மா கத்துவதை நிறுத்தினார், தம்பி அந்தத் தெருவைத் தவிர்த்து வேறு வழியில் வேலைக்குப் போகிறான்.

கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்கள், பழைய சீட்டுகளை எடுத்துப் போங்கள். முக்கியமாக, நோயாளியோடு வீட்டில் இருப்பவரும் கூடப் போகவேண்டும். வெளியூர்க்காரர்கள் 14446 என்ற கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண்ணில் முதலில் பேசிப் பாருங்கள்.