நாடகத்துக்கு முன் சாப்பாடு: சிகாகோ டவுன்டவுனில் கடிகாரத்தைக் காட்டிப் பிடுங்குகிறார்கள்

சிகாகோ நகர மையமான லூப் பகுதியில் நாடகம் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், முக்கியமாக ஊரிலிருந்து வந்த பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். 'ப்ரீ தியேட்டர் மெனு' (நாடகத்துக்கு முன் சாப்பிடுகிறவர்களுக்கான தனி மெனு) என்று விளம்பரம் போடும் உணவகம் ஒன்று எங்களை நடத்திய விதம் இது. கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்து நீங்கள் அதைத் தவிர்த்தாலும் பக்கத்துக் கடையில் இதே வேலையைக் காட்டலாம். ஏழு மணிக்குத் திரை விலகப்போகிறது என்று தெரிந்தவன் ஆறே முக்காலுக்கு நின்று சண்டை போடமாட்டான். அந்தக் கடை பிழைப்பதே இந்த ஒரு விஷயத்தில்தான்.

மதுரையிலிருந்து மாமனார், மாமியார் வந்திருந்தார்கள். நாங்கள் நான்கு பேர், அவர்கள் இரண்டு பேர், மொத்தம் ஆறு. இந்த ஆறு என்கிற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பில்லில் வரும். ராண்டால்ஃப் தெருவில் இருக்கும் நெதர்லாண்டர் தியேட்டரில் ஒரு மியூசிக்கலுக்கு (பாட்டும் ஆட்டமுமான நாடகம்) டிக்கெட் எடுத்திருந்தோம். 1926-இல் ஓரியண்டல் தியேட்டர் என்ற பெயரில் திறந்த அரங்கம் அது. 2019-இல்தான் இப்போதைய பெயர் வந்தது. ஸ்டேட் தெருவில் செங்குத்தாக எழுத்துப் பலகை தொங்கும் சிகாகோ தியேட்டரை வடிவமைத்த அதே ராப் சகோதரர்கள், இந்தியக் கட்டடக் கலையை மனத்தில் வைத்து இதற்கு அலங்காரம் செய்தார்கள். பெரியவர்களுக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது என்பது என் மனைவியின் கட்சி.

நாடகம் மாலை 7 மணிக்கு. புறநகரான நேப்பர்வில்லிலிருந்து வந்து, சாப்பிட்டு, நடந்து போய் உட்கார வேண்டும். நடக்கும் தூரத்தில் ஓர் உணவகம், மூன்று பதார்த்தம் கொண்ட நாடக மெனு ஆளுக்கு 49 டாலர், 5:30 மணிக்குள் வருகிறவர்களுக்கு என்று அவர்கள் இணையப் பக்கத்தில் போட்டிருந்தது. 5:15-க்கு ரிசர்வேஷன் செய்தேன். ஆளுக்கு 25 டாலர் டெபாசிட், பில்லில் கழித்துக்கொள்வோம் என்றார்கள். 150 டாலர் கார்டில் அன்றைக்கே போய்விட்டது.

நாங்கள் வாசலில் நின்றபோது மணி 5:10. டெஸ்க்கில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு பெயரைப் பார்த்தார், "டேபிள் தயாராகிறது, பாரில் ஏதாவது குடிக்கிறீர்களா?" என்றார். எனக்குப் பின்னாலேயே ஐந்தாறு மேசைகள் காலியாகக் கிடந்தன. விரித்த துணியில் சுருக்கம்கூட இல்லை, கண்ணாடிக் கோப்பைகள் கவிழ்த்தபடி இருந்தன. மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, அங்கதான் எடம் இருக்கே?" என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். ஒவ்வொரு முறை போய்க் கேட்டபோதும் இன்னும் ஐந்து நிமிடம் என்றார்கள். உட்கார வைத்தது 5:40-க்கு. அதே காலி மேசைகளில் ஒன்றில்தான்.

மெனு அட்டை வந்தது. அதில் நாடக மெனு இல்லை. சர்வர் பையனிடம் கேட்டேன். அவன் கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான்: "5:30-க்கு மேல் சிஸ்டத்தில் அந்த மெனு மறைந்துவிடும் சார், என்னால் அழுத்தவே முடியாது." அவன் சொன்னது உண்மை, திரையில் அந்த வரிசையே இல்லை. நாங்கள் 5:10-க்கே வந்துவிட்டோம் என்று சொல்லி மேனேஜரைக் கூப்பிடச் சொன்னோம். வந்தவர், "உங்கள் டேபிள் திறந்தது 5:40, சிஸ்டம் அதைத்தான் எடுத்துக்கொள்கிறது" என்று சொல்லிவிட்டு, உடனே, "உங்களுக்கு எத்தனை மணிக்கு ஷோ?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அக்கறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுந்து வேறு கடைக்குப் போக உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று அளந்து பார்க்கிறார்.

எழுந்து போகலாம்தான். 150 டாலர் டெபாசிட், பசியோடு இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியோடு ஒரு மாமியார். உட்கார்ந்துவிட்டோம்.

அடுத்தது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். மாமியார் சுத்த சைவம். மெனுவில் காளான் ரிசோட்டோ இருந்தது, பக்கத்தில் சைவம் என்று காட்டும் இலைக்குறி. ரிசோட்டோ என்பது அரிசியை சாறு விட்டு விட்டுக் கிளறும் சோறு, 'ஸ்டாக்' எனப்படும் அந்தச் சாறு பெரும்பாலான சமையலறைகளில் கோழி வேகவைத்த தண்ணீர்தான். அதனால் தெளிவாகவே கேட்டேன்: கறி இல்லை என்பது சரி, ஸ்டாக் எதில் செய்தது? "வெஜிடேரியன்தான் சார்" என்றான் பையன். தட்டு வந்து அவர் இரண்டு மூன்று வாய் சாப்பிட்ட பிறகு, தண்ணீர் ஊற்ற வந்த வேறொரு பெண்ணிடம் என் மனைவி சும்மா கேட்டாள். அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, முகத்தில் சங்கடத்தோடு, "சிக்கன் ஸ்டாக்" என்றாள். மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். "சரி விடுங்க மாப்பிள்ளை, தெரியாம சாப்பிட்டதுதானே" என்று என்னைத்தான் சமாதானப்படுத்தினார். அதன் பிறகு அவர் எதையும் தொடவில்லை. பிரெட்கூட வேண்டாம் என்றுவிட்டார். (ரிசோட்டோவில் போடும் பார்மெசான் சீஸும் பல நேரம் கன்றின் வயிற்றுச் சத்தில் திரித்ததாக இருக்கும், சைவக்காரர்கள் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.) உண்மையைச் சொன்ன அந்தப் பெண்ணுக்கு நன்றி. பில்லில் ரிசோட்டோ முழு விலையில் அப்படியே இருந்தது.

ஆறரை தாண்டியதும் பில் கேட்டோம். வர 6:50 ஆகிவிட்டது. தியேட்டருக்குப் பெரியவர்களோடு நடக்கப் பத்து நிமிடமாவது வேண்டும். தோல் உறையில் மடித்து வைத்த சீட்டு, கூடவே கார்டு மெஷினையும் நீட்டிக்கொண்டே நிற்கிறான். படிக்க விடாமல் நிற்பதும் ஒரு கலைதான்.

சாப்பாடு, பானம் எல்லாம் சேர்த்து 342 டாலர். நாடக மெனுவில் நான்கு பெரியவர்கள், குழந்தைகளுக்குத் தலா 15 டாலர் சாப்பாடு என்று போட்டால் 226 ஆகியிருக்கும். 342-க்கு மேல் 4 சதவீத சர்சார்ஜ் (கடை போடும் கூடுதல் கட்டணம்), 13.68. வரி 11.75 சதவீதம், 40.19. வரியைப் பற்றிக் குறையில்லை. டவுன்டவுனில் உணவகச் சாப்பாட்டுக்கு அப்போது அதுதான் விகிதம், புறநகரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். அப்புறம் 'ஆறு பேர் அல்லது அதற்கு மேல்' என்று 20 சதவீத கிராட்டுயிட்டி (ஊழியர்களுக்கான டிப்) தானாகவே சேர்ந்து 68.40. மொத்தம் 464.27. டெபாசிட் 150 கழிக்கப்படவே இல்லை.

மெஷின் திரையில் இன்னொரு முறை டிப் கேட்டது: 20, 22, 25. நடுவில் இருந்த 22 ஏற்கெனவே தேர்வாகியிருந்தது, அதுவும் வரியும் கிராட்டுயிட்டியும் சேர்ந்த மொத்தத் தொகையின் மீது. என் மனைவி சீட்டில் கிராட்டுயிட்டி ஏற்கெனவே சேர்ந்திருப்பதைப் பார்த்து நிறுத்தினாள். இல்லையென்றால் இன்னொரு 102 டாலர் போயிருக்கும். தானாகச் சேர்க்கிற கிராட்டுயிட்டியை இங்குள்ள வருமான வரித் துறையே டிப்பாக எடுத்துக்கொள்வதில்லை, சேவைக் கட்டணம் என்றுதான் கணக்கு வைக்கிறது. அது பில்லில் இருந்தால் அதற்கு மேல் நீங்கள் ஒரு பைசா கொடுக்கக் கடமையில்லை.

சர்சார்ஜ் பற்றிக் கேட்டால் சம்பளம் கூடிவிட்டது என்பார்கள். பாதி உண்மை. டிப் வாங்கும் ஊழியர்களுக்குக் குறைந்த சம்பளம் என்ற பழைய ஏற்பாட்டை சிகாகோ நகரம் 2024 ஜூலையிலிருந்து படிப்படியாக எடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். அந்தச் செலவை மெனு விலையில் ஏற்றிப் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஏற்றமாட்டார்கள், அட்டையின் அடியில் எறும்பு எழுத்தில் போடுவார்கள். நாடக டிக்கெட்டுக்கு 2025 மே முதல் எல்லாக் கட்டணமும் சேர்ந்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று மத்திய அரசின் விதி வந்துவிட்டது. அந்த விதி உணவகங்களுக்குப் பொருந்தாது.

டெபாசிட்டைக் கேட்டதற்கு, "அது புக்கிங் சிஸ்டத்தில் இருக்கிறது, தானாகத் திரும்பிவிடும்" என்றார் மேனேஜர். மறுபடியும் சிஸ்டம். மணி 6:56. பணத்தைக் கட்டிவிட்டு ஓடினோம்.

ஏழு தாண்டித்தான் உள்ளே நுழைந்தோம். தாமதமாக வருகிறவர்களைத் தகுந்த இடைவெளி கிடைக்கும்போதுதான் அரங்குக்குள் விடுவார்கள், பிராட்வே நாடகங்களில் அது வழக்கம், தியேட்டர்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லாபியில் நிற்க வைத்தார்கள். அங்கே சுவரெல்லாம் யானையும் தலைப்பாகையுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு மாமியார், "இது எந்த ஊர் கோயில்டி?" என்று மகளிடம் கேட்டார். அந்த மாலையில் அவர் சிரித்தது அப்போதுதான். முதல் பாட்டு முழுக்கக் கதவுக்கு வெளியே போனது.

திரும்பி வரும் என்ற டெபாசிட் வரவில்லை. கடைக்கு எழுதினேன், புக்கிங் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள்; அவர்கள் கடையைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு பதிலையும் இணைத்துக் கார்டு நிறுவனத்தில் டிஸ்ப்யூட் (கட்டணத்தை மறுத்துப் புகார்) போட்டேன், 150 டாலர் திரும்பியது. கிரெடிட் கார்டில் கட்டியதால் இது சுலபமாக நடந்தது. ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அது சட்டம். டெபிட் கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு இதே அளவில் கிடையாது. மெனு வித்தியாசம் மட்டும் இன்னும் வரவில்லை. நகர நிர்வாகத்தின் 311 சேவையில் நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன், விளம்பரப் பக்கத்தின் படத்தோடு. முன்பதிவு செய்த அன்றே அந்தப் படத்தை எடுத்து வைத்திருந்தது கைகொடுத்தது. இப்போது அந்தப் பக்கத்தில் '5:30-க்குள் மேசையில் அமர்ந்தவர்களுக்கு' என்று மாற்றிவிட்டார்கள்.

நீங்கள் போகும்போது வாசலிலேயே, பெயர் சொல்லும் அதே மூச்சில், ஷோ எத்தனை மணிக்கு, எந்த மெனு, டெபாசிட் எவ்வளவு என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். காத்திருக்கச் சொன்னால் அந்த நாடக மெனு செல்லுமா என்று அங்கேயே கேட்டு, டெஸ்க்கில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரவில்லையென்றால் அப்போதே திரும்பிவிடலாம், நேரமும் இருக்கும். சாப்பாடு மேசைக்கு வந்தவுடனேயே பில்லையும் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், தியேட்டர் வட்டாரத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். ஆறு பேர் என்றால் பில்லில் கிராட்டுயிட்டி சேர்ந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

சிகாகோவின் தடித்த டீப் டிஷ் பீட்சா சாப்பிட ஆசைப்பட்டால், அது அடுப்பிலேயே முக்கால் மணி நேரம் வரை இருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஷோவுக்கு முன் வேண்டாம். ஆடம்ஸ் தெருவில் இருக்கும், 1898-இல் தொடங்கிய பெர்காஃப், மன்ரோ தெருவில் 1927 முதல் நடக்கும் இட்டாலியன் வில்லேஜ் இரண்டும் லூப்பிலேயே இருக்கும் பழைய கடைகள். மாமியாரைப் போன்றவர்களுக்கு அங்கேயும் ஸ்டாக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும், அதுவும் சர்வரிடம் நிறுத்தாமல் சமையலறை வரை. நாங்கள் இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டை இந்தியக் கடைகள் நிறைந்த டெவன் அவென்யூவில் முடித்துக்கொண்டு, மாலைக்குத் தயிர்சாதம் கட்டிக் காரில் வைத்து, பார்க்கிங்கிலேயே சாப்பிட்டுவிட்டு நடந்து போகிறோம்.