ஸ்கூல் 1 கிலோமீட்டர்ல இருக்கணும்னா எந்த 1 கிலோமீட்டர்? வட்டமா, ரோடா?

எந்தப் புள்ள எந்த ஸ்கூலுக்கு, எந்தத் தெருவுக்கு வேன்னு மேப்ல பிளான் பண்றவங்க முதல்ல செய்றது ஸ்கூலச் சுத்தி ஒரு வட்டம் போடுறதுதான். க்யூஜிஐஎஸ்னு ஒரு மேப் சாஃப்ட்வேர், அதுல பஃபர்னு வட்டம் போடுற டூல், காசு கிடையாது, ரெண்டு நிமிஷ வேலை. நான் முதல் தடவ அதுலயே சொதப்புனேன், மேப் லேயர் மீட்டர்ல இல்லாம டிகிரில (அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்குல) இருக்குறத கவனிக்காம 1-னு குடுத்துட்டேன், பல்லாவரத்துல போட்ட வட்டம் கிட்டத்தட்ட 111 கிலோமீட்டர் விரிஞ்சு வேலூர் வாசல்ல போய் நிக்குது! யூடிஎம்னு மீட்டர்ல அளக்குற மேப் முறை இருக்கு, அதுல சென்னைக்கு 44-வது மண்டலம், கோயம்புத்தூருக்கு 43, லேயர அதுக்கு மாத்திட்டுப் போட்டாதான் மீட்டர் கணக்கு.

சரி, வட்டம் ஒழுங்கா வந்துருச்சு, அப்பவும் பிரச்சன இருக்கு. கல்வி உரிமைச் சட்டத்தோட 2010 மத்திய விதிகள்ல அஞ்சாவது வரைக்கும் 1 கிலோமீட்டர், 6-லேர்ந்து 8 வரைக்கும் 3 கிலோமீட்டர்னு இருக்குறது நடந்து போற தூரம். காக்கா பறக்குற தூரம் இல்ல. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தண்டவாளம் ஊரையே ரெண்டா வெட்டிப் போகுது, அந்தப் பக்கத்து வீடு மேப்ல 600 மீட்டர்னு காட்டும், சப்வேயத் தேடிச் சுத்தி வந்தா அது டபுளுக்கு மேலயும் போகும்.

அதுக்குத்தான் ரோடு வழியா அளக்குறது. அதே க்யூஜிஐஎஸ்ல சர்வீஸ் ஏரியானு டூல், ஸ்கூல்லேர்ந்து ரோடு வழியா எதுவரைக்கும் எட்டும்னு காட்டும், ரோடுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்குற இலவச மேப். ஒன்வேய மட்டும் ஆஃப் பண்ணிருங்க, புள்ளைங்க நடந்து வருதுங்க, ஆட்டோ ஓட்டல. இதோட வீக்னஸ் கிராமத்துல தெரியும், வரப்பு, ஒத்தையடிப்பாத எல்லாம் பல இடத்துல மேப்லயே ஏறல, பத்து நிமிஷத்துல வர்ற புள்ளய ரொம்ப தூரம்னு தள்ளிரும். கூகுள் ஏபிஐ-ய (நம்ம புரோகிராம் கூகுள் மேப்கிட்ட தூரம் கேக்குற வழி) வச்சும் பாக்கலாம், ஆனா அது ஒவ்வொரு வீடு-ஸ்கூல் ஜோடிக்கும் காசு கணக்கு வைக்கும், 500 வீடு 4 ஸ்கூல்னா 2000.

என்னக் கேட்டா, வட்டம் தூரத்து வீடுகள வெளிய தள்ளுறதுக்கு மட்டும். நேர்க்கோட்டுலயே 1 கிலோமீட்டர் தாண்டுன வீடு ரோடு வழியா கண்டிப்பா தாண்டிரும், அதுல சந்தேகமே வேணாம். உள்ள விழுந்தத ரோடு வழியா அளந்து, பார்டர்ல நிக்கிறத ஒருத்தர் நடந்து பாத்துட்டு வரணும்.

பஸ் ரூட்ட முழுசா சாஃப்ட்வேர்ட்ட விடலாமான்னா, ரெண்டு விதமாவும் நடந்துருக்கு. 2017-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல அங்கத்த எம்ஐடி யுனிவர்சிட்டி ஆளுங்க போட்ட அல்காரிதம் 50 பஸ்ஸக் குறைச்சுது. 2023 ஆகஸ்ட்ல அமெரிக்காவுலயே லூயிவில்ல டிரைவர் பத்தலன்னு ரூட்ட சாஃப்ட்வேர வச்சு மாத்துனாங்க, முதல் நாள் கடைசிப் புள்ள வீடு சேரும்போது ராத்திரி பத்து மணிய நெருங்கிருச்சு, ஒரு வாரத்துக்கு மேல ஸ்கூல மூடிட்டாங்க. அதனால ரூட்ட சாஃப்ட்வேர் போடட்டும், ஸ்கூல் திறப்புக்கு முன்னாடி ஒரு தடவ காலி வேன டிரைவர் அண்ணன் அதே காலை நேரத்துல ஓட்டிப் பாக்கட்டும், ஜிஎஸ்டி ரோடு மாதிரி பெரிய ரோட்டுல ஸ்டாப்பு எதிர்ப்பக்கம் விழுந்துருந்தா அவருதான் முதல்ல திட்டுவாரு.