கெட்டியான தெர்மல் பேஸ்டும் மூன்றரை ஆண்டுகளும்

பாகங்களை வாங்கிப் புதிதாகக் கணினி பூட்டப் போகும் நண்பர் ஒருவர், “நீங்க போட்டிருக்கிற தெர்மல் பேஸ்ட்டையே நானும் வாங்கட்டுமா?” என்று கேட்டார். யோசிக்காமல் “வேண்டாம்” என்றேன். “சூடே ஏறலைன்னு போன வருஷம் அவ்வளவு புகழ்ந்தீங்களே?” என்றார். அன்று புகழ்ந்ததும் மனதாரத்தான், இன்று வேண்டாம் என்பதும் மனதாரத்தான்.

கணினியின் மூளையான ப்ராசஸருக்கும் அதன் சூட்டை இழுக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பசைதான் தெர்மல் பேஸ்ட். நான் போட்ட பேஸ்ட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே குணமுள்ளவை இன்னும் பல இருக்கின்றன. எனக்குப் பேச வேண்டியது அந்தக் குணத்தைப் பற்றி. ஒரே வார்த்தையில் சொன்னால், கெட்டி. சிரிஞ்சை அழுத்தினால் கட்டைவிரல் வலிக்கும் அளவுக்குக் கெட்டி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 65 வாட் ப்ராசஸர், மேலே சாதாரண ஒற்றை டவர் கூலர். பூட்டிய புதிதில் முழுச் சுமை கொடுத்தபோது 72 டிகிரி. மூன்றரை ஆண்டுகள் கழித்து, தூசியைத் தட்டிவிட்டு, அறை வெப்பமும் ஏறக்குறைய அதேயாக இருந்த நாளில் சோதித்தேன்: 73. ஒரே ஒரு டிகிரிதான் கூடியிருந்தது! தினமும் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே இருக்கும் பேஸ்ட், கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். இதைத்தான் பம்ப்-அவுட் என்கிறார்கள். சிப்பின் மேல் மூடி இல்லாத லேப்டாப்களில் இது இன்னும் மோசம். என் பழைய லேப்டாப்பில் போட்ட இளகிய பேஸ்ட் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. திறந்து பார்த்தால் நடுவில் சிப் பளிச்சென்று தெரிந்தது. இந்தக் கெட்டிப் பேஸ்ட் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. அதற்கு என் மரியாதை உண்டு.

எரிச்சல் தொடங்கியது பூசும் நாளிலேயே. அட்டையில் வெப்பக்கடத்து எண்ணைப் பெரிதாக அச்சடிக்கிறார்கள். காற்றுக்கு அந்த எண் 0.026, செம்புக்கு 400 பக்கம், நல்ல பேஸ்ட்டுக்கு ஒற்றை இலக்கம் அல்லது பத்தைச் சற்றுத் தாண்டும். ஆனால் பேஸ்ட்டின் வேலை காற்று நின்றிருக்கும் நுண்ணிய பள்ளங்களை நிரப்புவது மட்டும்தான். அடுக்கு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. தடிமன் பாதியானால், கடத்தும் எண் இரட்டிப்பானதற்குச் சமம். அப்படியிருக்க, திருகின் அழுத்தத்துக்கு மெலியாத பேஸ்ட்டில் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? எவ்வளவு கெட்டி என்று ஒரு வரி போடக் கூடாதா?

நடுவில் பட்டாணியளவு வைத்து இறுக்கினேன்: 79 டிகிரி. கழற்றிப் பார்த்தால் நடுவில் மொத்தையாகவும் நான்கு மூலைகளிலும் வெறுமையாகவும் இருந்தது. துடைத்துவிட்டு, கூடவே வந்த தட்டைக் கரண்டியால் தடவினேன். பேஸ்ட் ப்ராசஸரில் ஒட்டாமல் கரண்டியோடு சுருண்டு வந்தது. கடைசியில், மூடிய சிரிஞ்சை ஒரு கவரில் சுற்றி வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தேன். இளகிவிட்டது. குறுக்குக் கோடுகளாக இழுத்து, எதிரெதிர் மூலைத் திருகுகளை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றாகச் சில சுற்றுகள் மட்டும் இறுக்கினேன். அப்போதுதான் அந்த 72 வந்தது.

இவ்வளவையும் நான் மன்னித்திருப்பேன். போன மாதம் கூலரைக் கழற்ற வேண்டி வந்தது. முதல் நாள் சுலபமாக வந்தது நினைவில் இருந்ததால், திருகுகளை எடுத்துவிட்டு மேலே இழுத்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் ‘டக்’ என்றொரு சத்தம். கூலரின் அடியில் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரே வெளியே வந்துவிட்டது. ப்ராசஸரைச் செருகி வைக்கும் சாக்கெட்டின் லீவர் பூட்டியபடியே இருக்கிறது! ஊசிகள் ப்ராசஸரின் அடியில் இருக்கும் வகை அது. லீவர் ஊசிகளைப் பிடிக்குமே தவிர, ப்ராசஸரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் கிடையாது. ஏழு ஊசிகள் வளைந்திருந்தன. குச்சி எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஒவ்வொரு ஊசியிலும் செருகி, விளக்கு வெளிச்சத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். நல்லவேளை, ஒன்றும் ஒடியவில்லை, கணினி உயிர்பெற்றது.

தவறு என்னுடையதும்தான். கழற்றும் முன் பத்து நிமிடம் சுமை கொடுத்துச் சூடாக்கி, நிறுத்தியவுடன், இழுக்காமல் இடவலமாகத் திருகி எடுத்திருக்க வேண்டும். ஆனால் எப்படிப் பூசுவது என்று படம் போட்ட துண்டுச்சீட்டில், எப்படிப் பிரிப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பழையதைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் அரைமணி நேரமும் ஆயிற்று. இப்போது போட்டிருப்பது இளகிய பேஸ்ட். ஒரே அழுத்தில் பரவியது. 75 டிகிரி. இரண்டு ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரலாம், பரவாயில்லை.

நண்பருடையது ப்ராசஸரை மேலிருந்து சட்டம் அழுத்திப் பிடிக்கும் வகைச் சாக்கெட். அவருக்கு அந்த ஆபத்து இல்லை. நியாயமாகப் பார்த்தால் கெட்டிப் பேஸ்ட்தான் அவருக்குச் சரி. இதையும் அவரிடம் சொன்னேன். “அப்ப உங்ககிட்ட மிச்சம் இருக்கிறதைக் கொடுங்க” என்றார். கொடுக்க மனம் வரவில்லை. இளகியதையே வாங்கச் சொல்லிவிட்டேன்.